மலைப் பக்கத்து ஜன்னல்

மில் சங்கு சாயங்காலம் ஊதியதும் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள் என்றால் அன்று திங்கட்கிழமை என்று அர்த்தம். மற்ற நாட்களில் அவள் சங்கைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். திங்கட்கிழமை மட்டும், அப்பா தெருமுனையில் திரும்பி, நடந்து வந்து, வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தும்வரை அவள் மூச்சு விடுகிறாளா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அது யுத்த காலம். ராஜபாளையத்தில் மில் ஞாயிறு தவிர ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கார்டிங்கில் வேலை பார்த்தார். முள் பதித்த பெரிய உருளைகள் பஞ்சைச் சீவித் தள்ளும் இடம் அது. வேலை விட்டு வரும் ஆட்களைப் பார்த்தே யார் எந்தப் பகுதி என்று நான் சொல்லிவிடுவேன். நூல் நூற்கும் இடத்தில் இருப்பவர்களுக்குத் தலையில் மட்டும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருக்கும். கார்டிங்காரர்களுக்குப் புருவம், இமை, காதுமடல் எல்லாம் நரைத்திருக்கும். அப்பாவுக்கு அப்போது சின்ன வயதுதான். தினமும் கிழவராக வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு வாலிபராகிவிடுவார். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் மகாராஜபுரம். கிணறு வற்றிப்போனதும் அப்பா மில்லுக்கு வந்தார். மில் கொடுத்த லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, மேற்கே பார்த்த ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் மலை தெரியும். தோட்டத்திலும் வயலிலும் வளர்ந்த அம்மாவுக்கு அந்த வீட்டில் பிடித்த ஒரே பொருள் அந்த ஜன்னல்தான். உடைந்த பானைகளில் மண் நிரப்பித் தூதுவளையும் கற்பூரவல்லியும் வளர்த்து, ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வைத்திருந்தாள். அதிலிருந்து பறித்ததெல்லாம் ஏதோ ஒரு வடிவத்தில் அப்பாவின் வயிற்றுக்குள் போய்விடும். ரசம், துவையல், கஷாயம். அப்பா ஆடு மாதிரி எதையும் தட்டாமல் சாப்பிடுவார். இருமல்தான் போகவில்லை.

இருமலைவிட எங்களுக்கு அதன் சத்தம்தான் பயம். அடுத்த வரிசையில் குடியிருந்த ஒருவர் இப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார். அவருக்குச் சயரோகம் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னார்கள், எதை வைத்துச் சொன்னார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. முதலில் அவருக்கு வேலை போயிற்று, பிறகு வீடு போயிற்று. அந்த வீட்டுப் பாத்திரங்கள் தெருவில் கிடந்ததை நான் பார்த்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு அதுவரை விளையாடிக்கொண்டிருந்த எங்களை அன்று யாரும் அந்தப் பக்கம் விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்வி. அவரிடம் அப்பாவை அழைத்துப் போக அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டால் என்ன செய்வது?

இந்தச் சமயத்தில்தான் பட்டாளத்திலிருந்து மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. துப்பாக்கியைத் தவிர பட்டாளம் முழுவதையும் கூடவே கொண்டுவந்திருந்தார். விடிவதற்குள் எங்களை எழுப்பி லைன் சந்தில் நிறுத்திக் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று ஆட்டிவைத்தார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருநாள் கையைத் தூக்கினாள். குடத்தோடு போன பெண்கள் நின்று பார்க்கவும் கையைக் கீழே போட்டவள்தான், பிறகு தூக்கவில்லை.

அப்பாவின் இருமலை ஒரு நாள் முழுக்கக் கேட்ட பிறகு மாமா தீர்ப்புச் சொன்னார்.

"அத்தான், இந்த ஊருக்காத்து உங்களுக்கு ஒத்துக்கிடல. ஞாயித்துக்கிழமையெல்லாம் சுருண்டு படுத்துக்கிட்டா நெஞ்சு எப்படி விரியும்? மலைக்கு வாங்க. காத்து, தண்ணி, நடை. அம்புட்டு இருமலும் எறங்கிரும்."

"அய்யனார் கோவில் அருவிக்கா?" என்றாள் அம்மா. கோவில் பக்கம் போனால் எங்கள் கிறிஸ்தவச் சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற கவலை அவளுக்கு.

"அருவிக்குத்தானக்கா போறோம். அய்யனாரு அவரு பாட்டுக்கு இருப்பாரு, நாம நம்ம பாட்டுக்குக் குளிச்சிட்டு வருவோம்."

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, மாந்தோப்புக்குப் போகும் ஒரு மாட்டுவண்டியில் மாமா எங்களை ஏற்றிவிட்டார். தோப்போடு வண்டி நின்றுவிட்டது. அங்கிருந்து நடந்தோம். அப்பா முதலில் இரண்டடிக்கு ஒருதரம் நின்றார். மரநிழல் அடர்ந்து, ஆற்றுச் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு நிற்பது குறைந்தது. அருவியை அடைந்தபோது எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

அருவிக்கு அடியில் அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தலைமுடியை விரலால் கோதிக் கோதி அலசினார். பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ சுற்றிக்கொண்டு நின்றது, பிறகு வழுக்கிக்கொண்டு போயிற்று.

"பாத்தியாத்தா, மில்லு போகுது" என்றார்.

நான் ஆற்றில் கொஞ்ச தூரம் கீழே போய்விட்டேன். பாறை மேல் ஏறி நின்று அப்பா என்னைக் கூப்பிட்டார். அருவிச் சத்தத்தைத் தாண்டி அந்தக் குரல் வந்தது. அப்பாவுக்குக் கூப்பாடு போட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா அவரை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அருவித் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மறுநாள் திங்கட்கிழமை. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா அன்றுதான் முதல்முறையாகக் கிழமையைக் கவனித்தாள். அடுத்த ஞாயிறும் போனோம், அப்பா அருவியில் பாட்டுக்கூடப் பாடினார். அடுத்த திங்களும் அதே கதை. செவ்வாய், புதன் என்று போகப்போகக் கொஞ்சம் தேறி, சனிக்கிழமை சுமாராகி, ஞாயிறு மலையில் ஆளே வேறாகி, திங்களன்று மறுபடி விழுந்துவிடுவார். அம்மாவுக்குத் திங்கட்கிழமைப் பயம் பிடித்தது இப்படித்தான். மாமாவோ அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் நாலு வாரம் போனால் எல்லாம் சரியாகும் என்றார்.

மூன்றாவது திங்கட்கிழமை சங்கு ஊதி வெகுநேரமாகியும் அப்பா வரவில்லை. கார்டிங்காரர்கள் எல்லாரும் வெள்ளைப் புருவத்தோடு எங்கள் வாசலைக் கடந்து போய்விட்டார்கள். யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால், ஏன், அவருக்கு என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். மாமா கடைவீதிக்குப் போயிருந்தார். அம்மா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

"ஏட்டி, ஓடிப் போயி பாத்துட்டு வா. ஓடுற மாதிரி ஓடாத. வெளையாடப் போற மாதிரி போ."

வாய்க்கால் பாலத்துக் கட்டையில் அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோளை உயர்த்தி உயர்த்தி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு ஒரு மாதிரி கறுத்திருந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

"ஒண்ணுமில்லத்தா. செத்த நேரம் இருந்துட்டு... வாரேன்." அந்தச் சின்ன வாக்கியத்தை அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை.

நான் என் தோளை அவர் கைக்குக் கொடுத்தேன். எழுந்து நடந்தோம். எங்கள் வரிசை திரும்பும் இடத்தில் மேஸ்திரியின் வீடு. தெலுங்கு பேசும் மனிதர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் மில்லுக்கு எது தெரிய வேண்டுமோ அது அவர் மூலமாகத்தான் தெரியும். அன்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா என் தோளை அழுத்தினார். மூச்சை அடக்கிக்கொண்டார் என்று தெரிந்தது. அவர் நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மேஸ்திரி வீட்டுக்கு நேராக வந்தபோது அடக்கியது பீறிட்டு வெளியே வரப்போவதை தோளில் இன்னும் இறுகிய அந்தப் பிடியே சொல்லிவிட்டது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நான் இருமினேன். தொண்டை கிழிய, குனிந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி இருமினேன். என் இருமலுக்குள் அப்பா தன் இருமலை இருமி முடித்தார்.

"ஏமம்மா, இப்படி இருமுற?" என்று மேஸ்திரி எழுந்துவிட்டார். அப்பா பக்கம் திரும்பி, "நேத்து மலைக்குப் போனீங்களாமே? பிள்ளைக்குச் சன்னீளு, அதான் பச்சத்தண்ணி, ஆகுமா? மலைத்தண்ணி நெஞ்சுல எறங்கினா லேசுல விடாது. மேல்காத்து வேற. சுடுதண்ணியில குளிக்கவைங்க" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். வீட்டுக்குள் வந்து பாயில் சரிந்தார். எனக்கு ஒரே பெருமை. நடந்ததை ஒன்று விடாமல் அம்மாவிடம் சொன்னேன், மேஸ்திரி சொன்ன வைத்தியத்தையும் சேர்த்து.

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். ஞாயிறு அருவி, திங்கள் இழுப்பு. ஞாயிறு அருவி, திங்கள் இழுப்பு. கண்ணுக்கு முன்னால் இருந்தது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மாமா உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, கொன்னுருவ போலிருக்கேலே! பச்சத்தண்ணியில கொண்டுபோயி உக்கார வச்சு எம் புருசனைக் கொன்னுருவ போலிருக்கே!"

"அக்கா, மலை யாரையாச்சும் கொல்லுமா? அங்க அத்தான் எப்படி இருந்தாக, நீயே பாத்தல்ல?"

"பாத்தேன். மறுநாளும் பாத்தேன்லே."

  மாமா மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போய்விட்டார், லீவு பாக்கி இருக்கும்போதே. கிளம்பும்போது பாயில் சாய்ந்திருந்த அப்பாவின் கையைப் பிடித்து விடைபெற்றார். அம்மா சமையல் மூலையை விட்டு வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மலை என்ற பேச்சே கிடையாது. அப்பாவுக்குச் சுடுதண்ணீர்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா இருந்தால் கால் மேற்கே போய்விடும் என்று அம்மா அதற்கும் ஒரு வழி செய்தாள். மில் நிற்கும் அந்த ஒரு நாளில் மிஷின்களைத் துடைக்கச் சில ஆட்களைக் கூப்பிடுவார்கள். உருளைகளுக்கு அடியில் வாரம் முழுக்கச் சேர்ந்த தூசியை வாரிக் கொட்டும் வேலை. மேஸ்திரி வீட்டுக்கு அம்மாவே போய், "அவியளையும் கூப்பிடுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டாள். கூப்பிட்டார்கள். அப்பா மறுபேச்சு பேசாமல் போனார்.

அம்மா ஜெயித்துவிட்டாள். சில வாரங்களில் திங்கட்கிழமையும் மற்ற நாள் மாதிரி ஆகிவிட்டது. பாலத்தில் உட்காருவது இல்லை, உதடு கறுப்பது இல்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி, அடக்கமாக இருமினார். வேலையும் போகவில்லை, வீடும் போகவில்லை. சபையில் அம்மா சாட்சி சொல்லி நன்றி செலுத்தினாள்.

அப்பா நரை விழும் வயது வருவதற்கு முன்பே போய்விட்டார். அவர் போய்ப் பல வருஷங்களுக்குப் பிறகு, பஞ்சு மில்லில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மனிதரை மதுரையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். நெஞ்சில் குழாயை வைப்பதற்கு முன்பே டாக்டர் கேட்டார், "திங்கட்கிழமைதான் அதிகமா இருக்கா?" என்று.  ஒரு நாள் பஞ்சுத் தூசி இல்லாமல் இருந்த நெஞ்சு, அது திரும்ப உள்ளே வரும்போது முரண்டு பிடிக்குமாம். ஓய்வே கொடுக்காவிட்டால் அந்த முரண்டு அடங்கிவிடுமாம். நோய் உள்ளே அதுபாட்டுக்கு வளருமாம். மலைக்குப் போவதற்கு முன்னாலும் எங்கள் வீட்டில் திங்கட்கிழமைகள் இருந்தன. அப்போது எங்களில் யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை.

அப்பாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. மாமா கிளம்பிப் போன வாரத்தில் நடந்த ஒன்றுதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. மலையிலிருந்து வரும் மேல்காற்று ஒரு பொட்டுகூட உள்ளே வரக்கூடாது என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள். பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருந்தது. விளக்குத் துடைக்க வைத்திருந்த மில் கழிவுப் பஞ்சை அள்ளி வந்து, அவளும் நானுமாக ஒவ்வோர் இடுக்கிலும் திணித்தோம். மலை மறைந்து வீடு இருட்டிவிட்டது. வேலை முடிந்து வந்த அப்பா வெள்ளைப் புருவத்தோடு ஜன்னலுக்கு முன்னால் நின்றார். ஓர் இடுக்கிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

"இங்கயும் வந்துருச்சாத்தா?" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை. எடுத்த பஞ்சை இருந்த இடத்திலேயே பத்திரமாகத் திருப்பி வைத்து அழுத்தினார். என்ன வேடிக்கை என்று எனக்குப் புரியவில்லை. அப்பா சிரிக்கிறாரே என்று நானும் சிரித்தேன்.