இடது டிரேயில் இருந்த ரிப்போர்ட்

எங்கள் கிளினிக்கில் டாக்டரைவிட டோக்கன் அக்காவுக்குத்தான் செல்வாக்கு. டாக்டர் எழுதிய மருந்து கேட்குமா என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் படி இறங்குவார்கள். அவரும் சீட்டை வாங்கிப் பார்த்து, "கேக்கும், கேக்கும். ஆனா பாதியில நிறுத்தக் கூடாது" என்பார். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்தபடி இருபத்திரண்டு வருடம் அதே மேஜை. சுழல் நாற்காலி என்று பெயர், அது சுழன்று நான் பார்த்ததில்லை. கணவர் போன மறு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். மகளுக்கு ஊசி போடும் அறையிலேயே வீட்டுப்பாடம் எழுத வைத்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தும் அனுப்பிவிட்டார். நான் அங்கே நர்ஸ். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்ததைவிட என்னைக் கேலி செய்ததுதான் அதிகம்.

டாக்டர் மேஜையில் இரண்டு கம்பி டிரேக்கள் இருக்கும். தினமும் சாயங்காலம் லேபிலிருந்து வருகிற ரத்த, மலப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் இடது டிரேக்குப் போகும். டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்து, 'பார்க்கப்பட்டது' என்று சீல் குத்தி வலது டிரேயில் போடுவார். வலது டிரேயில் இருப்பது ஃபைலுக்குப் போகும். மோசமான ரிப்போர்ட் என்றால் சிவப்பு மையால் வட்டம் போட்டு அக்காவிடம் நீட்டுவார், அக்கா அந்த ஆளுக்குப் போன் செய்வார். முன்பெல்லாம் கையெழுத்துதான். டாக்டரின் கையெழுத்து மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்று போன இன்ஸ்பெக்ஷனில் குறை எழுதிவிட்டுப் போனதால் சீல் வந்தது. ஆக, டாக்டர் கண் படாமல் இடது டிரேயை விட்டு ஒரு தாளும் நகராது. வருகிறவர்களிடம் அக்கா சொல்வது ஒரே பாட்டுத்தான்: "நாங்க போன் பண்ணலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நிம்மதியா இருங்க."

அந்த முறை டாக்டர் சொந்தத்தில் ஒரு சாவுக்குப் போய் ஒன்பது நாள் தங்கிவிட்டார். பதிலுக்கு வந்த சின்ன டாக்டர் நோயாளிகளைப் பார்த்தாரே தவிர டிரேயைத் தொடவில்லை. டாக்டர் திரும்பிய காலையில் கடிதம் காத்திருந்தது: மறுநாள் இன்ஸ்பெக்ஷன். அவ்வளவுதான், கிளினிக் தலைகீழானது. தீயணைப்பு சிலிண்டருக்கு முகம் கழுவிவிட்டோம். காலாவதியான பஞ்சு சுருளைத் தூக்கி எறிந்தோம். கை கழுவும் முறைப் படத்தைப் புதிதாக ஒட்டினோம், அதற்குக் கீழே சோப்பு வைக்க மட்டும் மறந்து, பிறகு ஓடிப்போய் வாங்கி வந்தோம். இடது டிரேயில் நூற்றி எண்பத்தாறு ரிப்போர்ட்டுகள். சீல் இல்லாத ரிப்போர்ட் ஒவ்வொன்றும் ஒரு குறை. குறை கூடினால் உரிமம் போகும்.

வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சீலை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். "குத்திடுங்க. ஏதாவது மோசமா இருந்தா லேப்காரனே கூப்பிட்டிருப்பான்."

லேப்காரன் என்ன நினைத்திருப்பான்? டாக்டர் பார்ப்பார் என்று. ஆளுக்கு ஆள் அடுத்தவர் தோளில் சாய்ந்து நின்றோம், கடைசி ஆளுக்குப் பின்னால் சுவர் இல்லை.

மதிய இடைவேளையில் அக்கா குத்தினார், நான் தாளைப் புரட்டிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே செய்தோம், அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். "ஒரே நாள்ல டாக்டராயிட்டேன்டீ. இனிமே என்னை மேடம்னு கூப்பிடு" என்றார் அக்கா. மறுநாள் வந்த அதிகாரி அம்மாள் இருபது ஃபைல்களை உருவிப் பார்த்தார். இருபதிலும் சீல் இருந்தது. நூற்றுக்கு நூறு. சான்றிதழுக்குச் சட்டம் போட்டு டோக்கன் மேஜைக்கு மேலேயே மாட்டினோம்.

நாலு நாள் கழித்து எதிர்க்கடை இஸ்திரிக்காரர் வந்தார். டாக்டரின் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்துக் கொடுப்பவர். கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது, தேய்ப்புப் பெட்டி கனக்கிறது என்று சின்ன டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தார். "அக்கா, என் ரிப்போர்ட் வந்துச்சா? வீட்டுல அவ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு உயிரை எடுக்கறா."

அக்கா ஃபைலை எடுத்தார். சீல் இருந்தது. சிவப்பு வட்டம் இல்லை. "டாக்டர் பாத்துட்டாரு தம்பி. ஒண்ணுமில்ல. சத்துக் குறைச்சலா இருக்கும், நல்லா சாப்பிடு."

தன் கையால் குத்திய சீலை அக்காவே நம்பினார். பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் அது உறைக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து இஸ்திரிக்காரர் கடையிலேயே சரிந்து விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் குடலில் புற்றுநோய், ஈரல் வரை போய்விட்டது என்றார்கள். பழைய ரிப்போர்ட் கேட்டு அவர் மனைவி வந்து நின்றாள். அக்கா ஃபைலைத் திறந்து, இந்த முறை சீலுக்கு மேலே இருந்ததைப் படித்தார். ரத்த அளவு இருக்க வேண்டியதில் பாதி. மலத்தில் ரத்தம். தேதி, டாக்டர் ஊரில் இல்லாத அந்த ஒன்பது நாளில் ஒன்று. அதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. அந்தத் தாள் சீல் இல்லாமல் இடது டிரேயிலேயே கிடந்திருந்தால், இரண்டு நாள் பிந்தியாவது டாக்டர் கண்ணில் பட்டிருக்கும். நாங்கள்தான் அதைப் பத்திரமாக ஃபைலுக்குள் புதைத்தோம்.

டாக்டர் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "சீல் என்னோடது. நான் கவனிக்கலைன்னு இருக்கட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க. கிளினிக்கையே மூடிடுவாங்க."

"நீங்க பாக்கவே இல்லையே டாக்டர். பாக்காததைப் பாத்தாச்சுன்னு சொன்னது நான். அதுவும் அந்த ஆள் முகத்தைப் பாத்து."

தவறு நடந்தால் எழுத ஒரு பதிவேடு உண்டு. மாதக் கடைசியில் அக்கா அதில் 'தவறு எதுவும் இல்லை' என்று எழுதுவார். இருபத்திரண்டு வருடமாக ஒரு தவறும் நடக்காத கிளினிக் பூமியில் எங்களுடையதாகத்தான் இருக்கும். அன்று அக்கா அதை எடுத்து ஏறக்குறைய ஒரு பக்கம் எழுதினார். பிறகு ரிப்போர்ட்டின் நகலோடு இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

அவர் பாயில் கிடந்தார், எலும்பும் தோலுமாக. அக்கா உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவர் மனைவி தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள், கை நின்றுவிட்டது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை.

இஸ்திரிக்காரர்தான் பேசினார். "அன்னைக்கு நான் வீட்டுக்கு வந்து இவளைத் திட்டினேன் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரின்னு நச்சரிச்சிட்டே இருந்தா. டோக்கன் அக்காவே சொல்லிட்டாங்க, நீ என்ன அவங்களைவிடப் பெரிய ஆளான்னு கேட்டேன். அதுக்கப்புறம் இவ வாயே திறக்கல."

அவள் உறையைக் கீழே போட்டுவிட்டு வாசலைக் காட்டினாள். "போயிடுங்க" என்றாள்.

நாற்பது நாளில் இஸ்திரிக்காரர் போய்விட்டார். விசாரணை வந்தது. டாக்டருக்கு எச்சரிக்கை, அக்காவுக்கு வேலை போனது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். போன் மணி அடித்தால் எடுப்பதில்லையாம், யாரிடமும் "ஒண்ணுமில்லை" என்று சொல்வதும் இல்லையாம்.

பதிவேடு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன். யார் சீல் குத்தியது என்ற இடத்தில் அக்கா தன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். தாளைப் புரட்டிக் கொடுத்தவள் பெயர் இல்லை. அதற்குக் கீழே இரண்டு வரி இடம் இருக்கிறது. மாதக் கடைசி வரும்போதெல்லாம் பேனாவை எடுக்கிறேன், அடுத்த பக்கத்தைத் திருப்பி, 'தவறு எதுவும் இல்லை' என்று எழுதிவிட்டு மூடி வைக்கிறேன்.