முகம் வரையாத நௌஷீன்

இடது உள்ளங்கையைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் நௌஷீன் மனித உருவம் வரைவார். கை மூடியிருக்கும் இடம் முகம். பென்சில் அதைச் சுற்றிக்கொண்டு போகும்: முடி, காது, கழுத்து, காலர், தோள். எல்லாம் முடிந்து கையை எடுத்தால் அங்கே வெள்ளையாக ஓர் இடம் மட்டும் மிஞ்சியிருக்கும். ரப்பர் தூள் விழுந்தால் நாமெல்லாம் வாயால் ஊதித் தள்ளுவோம். அவர் ஊத மாட்டார். புடவைப் பெட்டிக்குள் வைக்கிற மெல்லிய தாளைக் கசக்கி, அதனால் துடைப்பார். படத்தின் மேல் மூச்சுக்காற்று படக்கூடாது என்பது அவராக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

இத்தனைக்கும் வரைவதுதான் பிழைப்பு. காஞ்சிபுரம் ஒலிமுகமது பேட்டையில், கணவர் ஆசாத்தின் ஜரிகைக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறார். பாதி வேலை கம்ப்யூட்டரில், பாதி கட்டம் போட்ட தாளில். மயில், அன்னம், யாளி, எது கேட்டாலும் கிடைக்கும். ஆனால் கண்ணுக்கான கட்டம் மட்டும் காலியாகவே வரும். தறிக்கு அட்டை அடிக்கிறவர் அதைத் தானே நிரப்பிக்கொள்வார். சிலைக்குக் கடைசியில் கண் திறக்கிற ஊர் இது. அதனால் நெசவாளர்கள் யாரும் இதை விசித்திரமாக எடுத்துக்கொண்டதில்லை. அவரைப் பற்றி எழுதப் போன நான்தான் ஏன் என்று விடாமல் நச்சரித்தேன். டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“கண்ணு வெச்சுட்டா அது நம்மாண்ட உசுரு கேக்கும்பா. மறுமை நாள்ல நிக்க வெச்சு, வரைஞ்சியே, இப்ப உசுரு குடுன்னு கேப்பாங்க. குடுக்கறதுக்கு என்னாண்ட எங்க இருக்குது?”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நௌஷீன் படக்கதை வரையத் தொடங்கியது சுகாசினி டீச்சரால். பிள்ளையார்பாளையத்துப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். போனில் சீட்டாட்டம், உதட்டுக்கு அடியில் அதக்கும் பொட்டலம், வலி மாத்திரையை வேறு எதற்கோ விழுங்குவது என்று அந்தப் பக்கத்துப் பெரிய பையன்கள் செய்கிற எல்லாமும் சின்னப் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது. எச்சரிக்கைக்காக ஒட்டியிருந்த மண்டையோட்டுப் படத்துக்குப் பிள்ளைகள் மீசை வரைந்து வைத்திருந்தார்கள். இதுகளுக்குப் பிடிக்கிற மாதிரி ஒரு படக்கதை போட்டுக் கொடுங்களேன் என்று டீச்சர் நௌஷீனிடம் வந்து கேட்டார். பிடிக்கிற மாதிரி வரவில்லை. பயப்படுகிற மாதிரி வந்தது.

மொத்தம் ஆறு படம், ஆளுயர அட்டைகளில். தலைப்போ வசனமோ கிடையாது. முதல் படத்தில் அரக்குச் சட்டை போட்ட ஒரு பையன் போனும் கையுமாகக் குதிக்கிறான், ஜெயித்திருக்கிறான். இரண்டாவதில் கூட ஆடியவர்கள் எழுந்து போகிறார்கள், இவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாவதில் வீட்டிலிருந்த பட்டு நூல் அவன் பைக்குள் போகிறது. நான்காவதில் விரித்த உள்ளங்கை, அதில் ஒரு மாத்திரை. ஐந்தாவதில் சாத்திய கதவு, கதவுக்கு வெளியே அம்மா. ஆறாவதில் பையனே இல்லை. ஒரு தறி இருக்கிறது. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்கார்கிற குழி இருக்கிறது. குழிக்குள் கால்கள் இல்லை.

இதை வகுப்பில் காட்டும்போது அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அட்டையை நிமிர்த்துவார், பிள்ளைகள் பார்த்து முடிக்கிற வரை காத்திருப்பார், அடுத்ததை நிமிர்த்துவார். முகமில்லாத பையன் வகுப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். நான் ஒரு தடவை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஆறாவது அட்டை நிமிர்ந்ததும் என் இரண்டு கால்களையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். ஐம்பது வயதுக்காரன் இதை எழுதிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

முடிந்ததும் ஆளுக்கு ஒரு சின்ன நகல் கொடுத்து, முகத்தை நீங்களே போடுங்கள் என்பார். ஏனாத்தூர்ப் பக்கத்துப் பள்ளியில் ஒருவன் சித்தப்பாவின் வழுக்கையைப் போட்டான். இன்னொரு இடத்தில் ஒரு பெண் தன் முகத்தையே போட்டுக்கொண்டு அழுதாள். திரும்பி வருகிற தாள்களை நௌஷீன் ஒருமுறை பார்ப்பார். பிறகு கவிழ்த்து அடுக்கிவிடுவார். அவற்றுக்குத்தான் இப்போது கண் இருக்கிறதே.

கதை வேலை செய்தது, அதில் சந்தேகம் இல்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் பிரிக்காத பொட்டலங்கள் கிடந்தன என்று சுகாசினி டீச்சர் சொன்னார். ஒரு பையன் தானாகவே போனைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்துவிட்டானாம். அன்று இருந்த சந்தோஷத்தில் நௌஷீன் ஆசாத்தை அனுப்பி எனக்குப் பிரியாணி வாங்கி வரச் சொன்னார்.

அடுத்த வாரமே டீச்சர் ஒரு கட்டுத் தாளோடு மாடி ஏறி வந்தார். பிள்ளையார்பாளையத்து ஏழாம் வகுப்பு போட்ட முகங்கள். நௌஷீன் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார், நானும் பார்த்தேன். ஒன்று கிரேயானில் போட்டது, ஒன்று பேனாவில். ஒன்றில் மூக்கு கோணல், ஒன்றில் பல் அதிகம். ஆனால் அத்தனை முகங்களிலும் இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. அத்தனையும் ஒரே ஆள். பரீட்சைக்கு உட்கார வைக்கிற மாதிரி தள்ளித் தள்ளித்தான் உட்கார வைத்தேன், யாரும் யாரையும் பார்க்கவில்லை என்றார் டீச்சர். யார் இது என்று கேட்டதற்கு ஜெயப்ரியா என்கிற பெண், இது தெரியாதா என்கிற குரலில் சொல்லியிருக்கிறாள். “அஜித் அண்ணா, மிஸ்.”

நௌஷீன் அந்த அஜித்தைப் பார்த்ததே இல்லை. பத்துப் பெண்களிடம் விசாரித்து, அவர்கள் வீட்டில் நடந்ததைச் சேர்த்துத்தான் ஆறு படமாக ஆக்கினார். யாருடைய பிள்ளையும் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது, முகம் இல்லாமல் இருப்பது அதற்கும் நல்லது என்று நினைத்திருந்தார். யாரோ ஒரு அந்நியனின் முகத்தைப் போட்டிருந்தால் பிள்ளைகள் அவனை அந்நியனாகவே விட்டிருப்பார்கள். காலியாக இருந்த இடத்தில் தங்கள் தெருக்காரனைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அஜித்தின் அம்மா பெரியநாயகி வந்தார். கூலிக்கு நெய்கிறவர். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தேன். அவர் சத்தமே போடவில்லை. மகன் ஐந்து படமும் பட்டவன்தான், ஒளிக்க ஒன்றுமில்லை என்றார். கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்து, ஆறு மாதமாகத் தறியில் உட்காருகிறான். செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் பேசிவிட்டு, ஆசையை அடக்குகிற மருந்தை வாங்கி வரவேண்டும். அவ்வளவுதான், பிழைத்துக்கொள்வான். ஆனால் இந்தப் பிள்ளைகள் இப்போது ஜன்னலுக்கு வருகிறார்கள்.

“மொதல்ல வெளாட்டுன்னு நெனச்சேம்மா. முறுக்குகூட குடுத்தேன். ‘கால் இருக்குதா’ன்னு ஒன்னு கேக்குது, ‘இருக்குது’ன்னு ஒன்னு சொல்லுது, போய்டுதுங்க. தெனமும். ஒரு நாள் சின்னது ஒன்னு அவனாண்டயே கேட்டுச்சு, ‘அண்ணா, நீ எப்ப போவ’ன்னு. நல்ல மாதிரியாத்தாம்மா கேட்டுச்சு.”

அவர் போன பிறகு நௌஷீன் பிள்ளைகள் போட்ட முகங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். “கண்ணு வெக்கலன்னா உசுரு கேக்காதுன்னு இருந்தேன்பா,” என்றார் கடைசியில். “இது போய் ஒருத்தன் மூஞ்சிய எடுத்துக்கிச்சு.”

அன்றே உட்கார்ந்து ஆறாவது படத்தை மாற்றினார். குழிக்குள் இரண்டு கால்கள், மிதிகட்டை மேல், வேலை செய்கிற கால்கள். அதை வகுப்பில் காட்டினார். இது வெறும் கதை, அஜித் அண்ணன் நன்றாக இருக்கிறான், ஜன்னலுக்குப் போகாதீர்கள் என்று டீச்சரும் எடுத்துச் சொன்னார். வகுப்பு தலையாட்டியது. ஜெயப்ரியா மட்டும் எழுந்து அட்டைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள். “மிஸ், இது அண்ணா கால் இல்ல. அண்ணா போனப்புறம் வேற யாரோ வந்து குந்திக்கினு இருக்காங்க.” சாயங்காலம் வழக்கம்போல எல்லாரும் ஜன்னலுக்குப் போனார்கள்.

பிறகு கோடை விடுமுறை விட்டார்கள். இப்போது பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் வருகிறார்கள், காலையில், மத்தியானத்தில், சாப்பாட்டுக்கு நடுவில். அஜித் குழியை விட்டு எழுந்திருப்பதையே நிறுத்திவிட்டான் என்று பெரியநாயகி போன் செய்தார். இரண்டு செவ்வாய் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மருந்து தீர்ந்து, கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. பழைய கூட்டாளி ஒருவன் தெருமுனையில் வந்து நிற்கிறான். மூன்றாவது செவ்வாயும் தவறினால் மறுபடி ஐந்தாவது படம்தான், அதைத் தாண்டி யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை என்று அழுதார்.

அந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில் நௌஷீனின் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். நீளமான, இருட்டான வீடு. தெருவைப் பார்த்த ஜன்னல் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கு நேராகத் தறியின் பக்கச் சட்டம் நிற்பதால் வெளியிலிருந்து பார்த்தால் நெய்கிறவரின் முகம் தெரியாது. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு அடியில், குழிக்குள் இருக்கிற கால்கள் மட்டும் தெரியும். ஜன்னல் கம்பியில் குழந்தைக் கைகள் பிடித்துப் பிடித்து ஒரு உயரம் வரை மட்டும் துரு தேய்ந்து போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

அஜித் எங்களை நிமிர்ந்து பார்த்தான். வெட்டுப்பட்ட புருவம். கிரேயானிலும் பேனாவிலும் அத்தனை தடவை பார்த்துவிட்ட முகம், இப்போது இமைத்தது. நல்ல பையன், கூச்சக்காரன். நௌஷீன் குழியோரம் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டார். அவன் பாவு நூலைத் தடவிக்கொண்டே மெதுவாகப் பேசினான்.

“போவக் கூடாதுன்னு இல்லக்கா. நான் இல்லாதப்ப அதுங்க வந்து பாத்துட்டு, போய்ட்டான்னு சொல்லிக்கினு போச்சுன்னா, நெஜமாவே போய்டுவேனோன்னு இருக்குது.”

நான் ஏதாவது சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நௌஷீன் எழுந்து கைப்பையையும் துப்பட்டாவையும் ஆணியில் மாட்டினார்.

“எந்திரி.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“எந்திரிப்பா. பின்பக்கமா போ. ஸ்கூட்டர் சாவி இந்தா, சார் கூட்டிக்கினு போவாரு. நான் குந்திக்கிறேன்.”

“எவ்ளோ நேரம்கா குந்திக்கினு இருப்பீங்க?”

“நீ வர்ற வரைக்கும்.”

அஜித் எழுவதற்கு ரொம்ப நேரம் ஆனது. ஒரு காலை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து, பிறகு எடுத்தான். அவன் மறுகால் குழியிலிருந்து வெளியே வருவதற்குள் நௌஷீனின் கால் உள்ளே இறங்கிவிட்டது. குழி ஒரு நொடிகூடக் காலியாக இருக்கவில்லை. பெரியநாயகி மகனுடைய லுங்கி ஒன்றை எடுத்து வந்து அவர் முழங்கால் மேல் போர்த்தி, கீழே இழுத்துவிட்டார். இருபது வருடமாகப் புடவைக்கு டிசைன் போடுகிறவர், தறிக்குழியில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. உள்ளே சில்லென்று இருக்கிறது என்றார். மிதிகட்டையை மிதித்துவிட வேண்டாம், சும்மா காலை வைத்துக்கொண்டால் போதும், அது முதலாளி வீட்டுக் கல்யாணப் புடவை என்று பெரியநாயகி பயந்துகொண்டே சொன்னார்.

நானும் அஜித்தும் பின்கட்டு வாசலுக்குப் போய்விட்டோம். அப்போது தெருவில் பிள்ளைகளின் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஜன்னலில் வரிசையாகத் தலைகள், வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் ஒரு முகமும் தெரியவில்லை.

“கால் இருக்குதா?”

“இருக்குது.”

போவார்கள் என்று காத்திருந்தோம். போகவில்லை.

“ஆடலயே,” என்றது இன்னொரு குரல்.

பெரியநாயகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். நௌஷீன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது காலை ஊன்றி மிதித்தார். தலைக்கு மேல் தறி கடகடவென்று திறந்து மூடியது. இடது கால், மறுபடி வலது. பெரியநாயகி வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊடை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளினார்.

“ஆடுது,” என்றது குரல். செருப்புச் சத்தம் தெருக்கோடி வரை போய்த் தேய்ந்தது. நான் அஜித்தின் தோளைத் தொட்டேன், அவன் நடந்தான். சந்து திரும்பி, ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று காதுகொடுத்துக் கேட்டேன். உள்ளே நௌஷீன் இன்னும் மிதித்துக்கொண்டே இருந்தார்.