ஓரம் வெட்டிய நாலு அட்டைகள்

விலை பேசிய அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அத்தான், நான், பழைய அட்டைகள் வாங்கக் கிளிநொச்சிக்கு ரயிலில் வந்திறங்கிய, அரசாங்கக் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர். அக்கா இல்லை. மாமியைப் பார்க்கப் பூநகரிக்குப் போயிருந்தார்.

விற்கவிருந்தவை அத்தானின் கிரிக்கெட் அட்டைகள். சிறுவயதில் கொழும்பில் ஒரு சுருட்டுக்கடையில் வேலைக்கு நின்றபோது, சிகரெட் பெட்டிகளுக்குள் வரும் ஆட்டக்காரர் படங்களைச் சேர்த்து ஐம்பது அட்டைகள் கொண்ட தொகுதியை நிறைவாக்கியிருந்தார். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்தபோது அவையும் வன்னிக்கு வந்தன. இப்போது உழவு மாட்டுச் சோடியில் ஒன்று செத்துவிட்டது. விதைப்புக்கு முன் இன்னொன்று வாங்கவேண்டும்.

வந்தவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து அல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நூற்றிருபது ரூபாய் தருவதாகச் சொன்னார். பிறகு தேநீர் குடித்தபடி, "இப்ப கள்ளர் கூடிப்போட்டினம், தம்பி. தேய்ஞ்ச ஓரத்தை பிளேட்டால சீவிப்போட்டுப் புதுசு எண்டு விக்கிறாங்கள். என்னட்டை அந்த வேலை சரிவராது" என்றார்.

அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் மண்சுவர் வீடுகளில் கறையான் தொடாத கடதாசி கிடையாது. காணி உறுதியோ சாதகமோ, அரித்த ஓரத்தை நேராக வெட்டி, வேப்பெண்ணெய் பூசிய பெட்டியில் வைப்போம். அதுதான் எங்களுக்குப் பத்திரம். நாலு அட்டைகளை அத்தானும் அப்படியே வெட்டியிருந்தார். அது மதிப்பைக் கெடுக்கும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. வெட்டிய பிறகு வாங்கிய அல்பத்தின் செருகல்கள் ஓரங்களை மறைத்திருந்தன.

பேசாமல் இருந்துவிடுவார் என்று நம்பினேன்.

"ஐயா, இதில நாலு நானே வெட்டினது. கறையான் அரிச்சது" என்றார் அத்தான்.

"பாக்கேக்க ஒண்டும் தெரியேல்லையே."

"தெரியேல்லை எண்டபடியாத்தான் சொல்லுறன்."

வந்தவர் நாலையும் கழற்றி மற்றவற்றோடு அடுக்கிப் பார்த்தார். அந்த நாலும் ஒரு வைக்கோல் தும்பளவு குட்டை. "நல்ல மனுசன்தான் நீர். ஆனா இனி மற்றதுகளை நான் என்னெண்டு நம்புறது?" என்றார். எண்பதுக்கு மேல் ஏறவில்லை. அத்தான் எண்பதை வாங்கிக்கொண்டார். அல்பத்தைத் துடைத்துக் கொடுத்து, சைக்கிளில் அவரை ஸ்டேஷன் வரை ஏற்றிப்போய் விட்டுவந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நேர்மை பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியவன். அந்தக் கட்டுரையில் மாடு இல்லை.

அக்கா திரும்பிவந்து விஷயத்தைக் கேட்டார். "இஞ்சாருங்கோ, அந்தாள் கேக்காத கேள்விக்கு ஏன் மறுமொழி சொன்னனீங்கள்?" அத்தான் சிரித்தார். கொஞ்சநேரம் முறைத்துவிட்டு அக்காவும் சிரித்தார்.

எண்பதுக்கு மாடு கிடைக்கவில்லை. அந்தக் காலபோக நெல் விதைப்புக்குப் பக்கத்துக் காணிக்காரரின் மாட்டை வாடகைக்குப் பிடித்து உழுதோம், அதற்கு இருபத்தைந்து. விலையில் குறைந்த நாற்பதையும் சேர்த்தால், அத்தான் சொன்ன உண்மைக்கு எங்களுக்குப் போனது அறுபத்தைந்து ரூபாய்.