அழாத பிள்ளைகள்

ஐந்து குழந்தைகள் ஒரே பாயில் கிடந்தன. நல்ல பகல். உதட்டில் ஈ உட்கார்ந்தும் ஒன்றுகூட முகம் சுளிக்கவில்லை. நாலாவதாகக் கிடந்தது என் மகள்.

இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தைய வருடங்கள் அவை. வாசுதேவநல்லூர்ப் பக்கம் மழை இல்லாமல் போக, கைப்பிள்ளையோடு தென்காசிக்கு வந்திருந்தேன். வீட்டுக்காரர் செங்கோட்டை தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், தகவலே இல்லை. ரயிலடிக்குப் பின்னால் சாக்கடையும் குடிசையும் தோளுரசிக் கிடந்த சந்து. எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் அரிசி மில்லில் நெல் அவித்தோம், களத்தில் காயவைத்தோம். பிள்ளையோடு போனால் மில்லுக்குள் விடமாட்டார்கள். பிள்ளைகளை மதினி பார்த்துக்கொண்டாள். எனக்குச் சொந்தமில்லை, அந்தச் சந்துக்கே அவள் மதினி. அவள் கைக்குப் போன பிள்ளை அழாது என்பார்கள். கும்பிடத் தோன்றும் எனக்கு.

அன்று சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்தில் அந்தச் சாரலுக்காக ஊர் ஊராக வந்து இறங்குவார்கள். எங்களுக்கோ களம் நனைந்தால் வேலை போச்சு. பாதி நாளில் திரும்பி வந்து மகளைத் தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. தட்டினேன், கிள்ளினேன், வாசலுக்கு ஓடிச் சாரலில் பிடித்தேன். இமைகூட அசையவில்லை.

“பதறாதட்டி,” என்றாள் மதினி. “கடுகளவு அபின்தான் வச்சேன். அஞ்சும் ஒண்ணாக் கத்துனா நான் எங்கன ஓட? பொழுதடைய முழிச்சிருவா.”

என் பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “வாசுதேவநல்லூர்க்காரியப் பாருங்கட்டி! மூணு மாசமா பிள்ள அழாம கெடக்கது தன் பாலு ருசியினாலன்னுல்லா நெனச்சிருக்கா!”

விளக்கேற்றும் நேரத்தில்தான் கண் திறந்தாள்.

இப்போது அவள் கல்யாணமானவள். பகலில் கண்ணயர்ந்தால் தொட்டு எழுப்பிவிடுகிறேன். “ஏம்மா, தூங்க விடுதியா நீ?” என்று எரிந்து விழுகிறாள். அந்தப் பகலை அவளிடம் சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலையைச் சொன்னதில்லை.

மறுநாள் வெயில் அடித்தது. மில் சங்கு ஊதியது. “வேண்டாம்னா சொல்லு, வைக்கல. கத்துனா நான் தூக்க மாட்டேன்,” என்றாள் மதினி, அபின் ஒட்டிய விரலை நீட்டியபடி. மகள் உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கசப்பு அவளுக்குத் தெரிந்திருந்தது. தாடையைப் பிடித்து வாயைத் திறந்தது நான்தான்.