பக்கத்து லைன் சிம்மாசனம்

வடக்கே நாங்கள் குடியிருக்கும் கட்கியில் என் மாமியாருக்கு ‘மகாராணி’ என்று பெயர். எதிரில் யாரும் சொல்வதில்லை. தொழிற்சாலைக் குடியிருப்பில் அவர் பிறந்தது ஒரு லைன், வாழ்க்கைப்பட்டது அடுத்த லைன். நடுவில் ஒரு சாக்கடைதான், ஆனால் மாரியம்மன் கோயில் இரண்டு. பிறந்த லைன் கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு முதல் தீச்சட்டி எடுப்பது அவருடைய அப்பா வீட்டு உரிமை. அப்பாவுக்குப் பின் தம்பி எடுத்தார். போன வருடம் தம்பியும் போய்விட்டார். மூத்த வாரிசு நான், சட்டி எனக்கு என்று மாமியார் கிளம்பினார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இங்கே என்ன பாத்தியதை என்றார் தம்பி மனைவி. அம்மா பக்கத்து நாட்டின்மேல் படையெடுக்கிறாள் என்று என் கணவர் கேலி செய்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தைக்குப் பல வருடச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. இனி ஒரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். தீச்சட்டியோடு வெறுங்காலில் பஜாரைச் சுற்றி வர வேண்டும். சொன்னால் கேட்கிற ஆளா?

“எங்கப்பன் தூக்குன சட்டி. காலு போனா போவுது,” என்றார்.

கடைசியில் அம்மனிடமே பூ கேட்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். அவளுக்குச் சூதுவாது தெரியாது, அவளே கட்டட்டும் என்று தம்பி மனைவி என்னைக் கைகாட்டினார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சிவப்பு வந்தால் உத்தரவு, வெள்ளை வந்தால் இல்லை. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். அம்மனையே ஏமாற்றுகிறோமே என்று நினைத்துக்கொண்டே முடிச்சை இறுக்கினேன்.

பூசாரி பிரித்தார். வெள்ளை. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் குலவை கிளம்பியது. தம்பி மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இவர்கள் வேலூர்ப் பக்கத்துக்காரர்கள். இவர்களுக்கு வெள்ளைதான் உத்தரவு. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமையன்று மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அத்தை சட்டியோடு முகம் கோணாமல் நடந்தார். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்தபடியே பின்னால் போனேன். பஜார் திரும்பியதும் தார்ச்சாலையில் சிவப்பாக ஓர் அடையாளம் தெரிந்தது. சிந்திய குங்குமம் என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இடது கால் பட்ட இடத்தில் மட்டும்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். “கொஞ்சங்கூட சுடலடி. கல்லு முள்ளு ஒண்ணும் தெரில. ஆத்தா என்னை ஏத்துக்கினா,” என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

கீழே உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். குதிகாலில் ஒரு கண்ணாடித் துண்டு பாதிக்குமேல் உள்ளே போயிருந்தது.