அசையாத முள்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆலையில் பராமரிப்பு இன்ஜினியராக இருக்கிறேன். மெழுகு உருக்கவும் பசை காய்ச்சவும் எங்களுக்கு நீராவி வேண்டும். அதற்கென்று விறகில் எரியும் ஒரு பாய்லர் உண்டு. அதைப் பார்த்துக்கொள்பவரை நான் அண்ணாச்சி என்பேன், அவர் என்னை மேடம் என்பார். எனக்கு வேலையில் ஆறாவது வருஷம், அவருக்கு இருபத்திரண்டாவது.

போன கோடையில் பாய்லரின் சேஃப்டி வால்வு தினமும் மதியம் சீறத் தொடங்கியது. உள்ளே அழுத்தம் ஏழு கிலோவைத் தாண்டினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடுவதுதான் அதன் வேலை. ஆனால் அது திறக்கும்போதெல்லாம் அழுத்தமானியின் முள் ஐந்தரையில்தான் நின்றது. ஆவி வெளியே போனதும் மெழுகுத் தொட்டியில் சூடு இறங்கும், மிஷின் நிற்கும், கூடத்தில் வேலை செய்யும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மானேஜர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று எனக்குப் பரபரப்பு.

வால்வின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். சனிக்கிழமை காலை, பாய்லர் பற்றவைக்கும் முன், ஸ்பிரிங்கை யாரும் தொடக் கூடாதென்று பாய்லர் ஆய்வாளர் போட்டிருந்த ஈய முத்திரையை வெட்டச் சொன்னேன். ஸ்பிரிங்கை முறுக்கினால் வால்வு இன்னும் அதிக அழுத்தத்தில்தான் திறக்கும். அண்ணாச்சி ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார்.

"முறுக்கிரவா மேடம்?"

"முறுக்குங்க. திங்கக்கிழம ஆய்வாளருக்கு எழுதிக்கிடுவோம்."

அன்று மதியம் வால்வு திறக்கவில்லை. மானேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமத்தில் நாத்தனார் குழந்தைக்கு ஞானஸ்நானம். கோவிலில் மின்விசிறிக்குக் கீழேதான் இடம் கிடைத்தது, ஆனாலும் வேர்த்துக்கொண்டே இருந்தது. சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். என் மனம் சனிக்கிழமை மதியத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அரை மணி நேரம் அந்த மானிக்கு முன்னால்தான் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் மெழுகுத் தொட்டிக்கு ஆவியைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். திறக்கும்போது முள் கொஞ்சமாவது இறங்க வேண்டும். மூடினால் ஏற வேண்டும். அது அசையவே இல்லை.

அப்படியானால் தவறாகச் சொன்னது வால்வு இல்லை, முள். வால்வையோ நான் முறுக்கி வைத்திருந்தேன்.

எழுந்து வெளியே வந்தேன். அவசர ஆர்டர் என்பதால் அன்றைக்கும் ஆலை ஓடுகிறது. தீப்பெட்டி ஆலைக்குள் செல்போன் கூடாது, எல்லாருடைய போனும் கேட்டில்தான் இருக்கும். கேட் நம்பருக்கு நான்கு தடவை அடித்தேன், எடுக்க ஆளில்லை. வீட்டிலிருந்த மானேஜரைப் போனில் பிடித்தேன்.

"பாய்லர அணைக்கச் சொல்லுங்க சார். மானி மேல சந்தேகமா இருக்கு."

"நேத்து நல்லாத்தானம்மா ஓடுச்சு. லோடு ஏறட்டும், சாயங்காலம் பாப்போம்."

குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் என் கணவரைத் தோளில் தட்டி வெளியே அழைத்தேன். அவர் முகம் சுருங்கியது, ஆனால் கேள்வி கேட்காமல் பைக்கை எடுத்தார். ஒரு மணி நேரப் பயணம். சோளம் அறுத்துக் கிடந்த கரிசலில் ஒரு ஆள் தலைகூடத் தெரியவில்லை. எட்டையபுரம் தாண்டி ஒரு லாரி வழிவிடாமல் போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாய்லர் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பெண்கள் உட்காரும் கூடம்.

நல்லவேளை, ஆலை ஆலையாகவே இருந்தது. கூடத்துக்குப் போய்ப் பெண்களை வேப்பமரத்தடிக்குப் போகச் சொல்லிவிட்டு பாய்லர் அறைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, தண்ணி மட்டம் எப்படி இருக்கு?"

"கண்ணாடியில பாதிக்கு இருக்கு."

"வெறகு போடாதீங்க. அடுப்புக்குப் போற காத்த அடைங்க. தொட்டிக்கு ஆவிய முழுசாத் திறந்துவிட்டுட்டு வெளிய வாங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை அங்கே போயிருந்தது. நாங்கள் வெளியே நின்றோம். தீ தணிய வெகுநேரம் பிடித்தது. ஒரு இடத்தில் நிற்க முடியாமல் கேட்டுக்கும் மரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

பாய்லர் ஆறிய பிறகு மானிக்குப் போகும் சிறு குழாயைக் கழற்றினோம். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு, சுண்ணாம்புக் கட்டியாக உள்ளே இறுகிக் கிடந்தது. எப்போதோ குழாய் அடைத்துக்கொண்டபோது உள்ளே சிக்கிய அழுத்தத்தைத்தான் முள் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த நாள் புது மானி பொருத்தி, ஸ்பிரிங்கைப் பழைய இடத்துக்கே தளர்த்திப் பார்த்தோம். முள் ஏழைத் தொட்டபோது வால்வு திறந்தது. இத்தனை நாளும் அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதன் வாயை அடைத்தது நான்.

அறிக்கை எழுதும்போது மானேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மானி பழுதுன்னு மட்டும் எழுதுங்க. முறுக்குன கதை எதுக்கு?"

எழுதினேன். முத்திரையை வெட்டச் சொன்னது நான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளர் வந்து பாய்லரை நிறுத்திவைத்தார். நான்கு நாள் வேலை இல்லை. கூடத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா கேட்டில் வைத்து என்னிடம், "நீங்க செஞ்சதுக்கு நாங்க வீட்டுல இருக்கணுமாக்கும்" என்றாள்.

ஐந்தாம் நாள் அண்ணாச்சியிடம் கேட்டேன். "முறுக்கச் சொன்ன அன்னைக்கு ஏன் நின்னீங்க?"

அவர் விறகை அடுக்கிக்கொண்டே சொன்னார். "முள்ளு ரொம்ப நாளா ஆடல மேடம். எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நீங்க படிச்சவிய, பாத்துத்தான சொல்லுதீங்கன்னு விட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலியே."

அது என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. இப்போது எதைத் திருகுவதற்கும் முன்னால் அவரிடம் கேட்கிறேன். முதலில் அவர் "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும்தான் சொல்வார். இரண்டு மாதம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் நான் சாப்பாட்டை அவிழ்த்து வைத்த நேரத்தில் அவரே வாசலில் வந்து நின்றார்.

"மேடம், தண்ணி பம்பு சத்தம் மாறிக் கேக்குது. ஒரு எட்டு வாரீங்களா?"

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவர் பின்னால் போனேன்.