உச்சிவேளையில் வந்த தொப்பி

இதைக் கட்டுக்கதைன்னு நெனைக்கிறவங்க இப்பவே எழுந்து போயிடலாம். எறையூர் கொளஞ்சிக்கு நெசமா நடந்தது இது. கரும்பு டிராக்டர் ஓட்டுற ஆளு. பேயாவது பிசாசாவதுன்னு சுடுகாட்டு வழியாவே வண்டிய வுட்டுக்கிட்டு வர்றவன். இன்னிக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே அவனுக்கு வேர்த்துக் கொட்டுது.

அவன் மக மஞ்சுவுக்கு ஆறு வயசு. ரத்தப் புத்துநோய். பொண்டாட்டி கைக்குழந்தையோட ஊர்ல இருக்க, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில இவன்தான் தொணை. மருந்து ஏத்துனதுல புள்ளைக்கு முடியெல்லாம் கொட்டி, ஒடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லாமப் போச்சு. தனி ரூம்ல வச்சுட்டாங்க. “வெளிச்சாமான் எதுவும் உள்ள போவக் கூடாது. ஒரு கிருமி போதும்”னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரு.

ஆனா அந்த ஆஸ்பத்திரியில புள்ளைங்களைப் பெத்தவங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருந்துச்சு. நல்லாகி வூட்டுக்குப் போற புள்ளையோட தொப்பியை, அடுத்து மொட்டைத் தலையோட இருக்குற புள்ளைக்குக் குடுத்துட்டுப் போவாங்க. ராசியாம். மஞ்சுவுக்கும் ஒண்ணு கெடைக்காதான்னு கொளஞ்சி ஏங்கிக் கெடந்தான்.

சித்திரை மாசம். உச்சிவேளை. பிளாஸ்க்குல வெந்நீர் வாங்கிட்டு வர்றான். வராந்தாவுல ஈ காக்கா இல்ல. ஃபேன் மட்டும் கடக்... கடக்...

ரூம் வாசல் பெஞ்சுல ஒரு பொண்ணு ஒக்காந்திருந்துச்சு. மடியில செவப்புக் கம்பளித் தொப்பி.

“எம் மக நல்லாயிட்டாண்ணே. ஒங்க பாப்பாவுக்கு வச்சுக்கங்க.”

கொளஞ்சிக்குக் கண்ணு கலங்கிருச்சு. ரெண்டு கையாலயும் வாங்குனான்.

தொப்பி... ஜில்லுன்னு இருந்துச்சு. அந்த வெயில்ல!

“பாப்பா பேரு என்னண்ணே?”

“மஞ்சும்மா.”

“நல்லா வெளையாடுவாளா?”

அதென்ன கேள்வின்னு நிமிந்து பாத்தான். பெஞ்சுல ஆளில்ல. ஈரமண்ணு மட்டும் கொஞ்சம் உதுந்து கெடந்துச்சு.

அப்பவாச்சும் அவன் சுதாரிச்சிருக்கணும். புள்ளை ஆசை, எங்க வுட்டுச்சு! நர்ஸுக்குத் தெரியாம உள்ள கொண்டுபோய் மாட்டி வுட்டுட்டான்.

“அப்பா... ஈரமா இருக்கு.”

தொட்டுப் பாத்தான். காஞ்சுதான் இருந்துச்சு.

பொழுது சாயறதுக்குள்ள குளிர் தூக்கிப் போட்டுச்சு. காய்ச்சல் அனலாக் கொதிச்சுது. ஒரு மருந்து மாத்தி ஒரு மருந்து ஏத்துனாங்க. ரெண்டு நாள்ல ரத்தப் பரிசோதனை முடிவு வந்துச்சு.

“எந்த மருந்துக்கும் மசியாத கிருமி கொளஞ்சி. இருக்குறதையெல்லாம் குடுத்துட்டோம்”னு டாக்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

கொளஞ்சியை வெளியே நிறுத்திட்டாங்க. கண்ணாடி வழியாப் பாக்க மட்டுந்தான் முடியும். பெத்த புள்ளையைத் தொடக்கூட முடியாம அப்பன் அங்க நின்னான்.

லீவு முடிஞ்சு அன்னிக்குத்தான் வந்த நர்ஸ் அனிதா, தலகாணிக்கு அடியில அவன் ஒளிச்சு வச்சிருந்த தொப்பியைப் பாத்துட்டு ஓடியாந்துச்சு. மூஞ்சி வெளுத்திருந்துச்சு.

“இது ஏதுங்க?”

“போன புள்ளையோட அம்மா குடுத்துச்சு சிஸ்டர். நல்லாயிட்டாளாமே...”

“ஜெயங்கொண்டத்துப் பூங்குழலி தொப்பிங்க இது. இதே ரூமு. இதே கிருமி. போன மாசம் எறந்துட்டா. எங்கையாலதான் மாட்டி அனுப்புனேன். இதோடதான் பொதைச்சாங்க.”

“அப்போ... அவ அம்மா?”

“அவ பொறந்தன்னிக்கே செத்துட்டாங்க.”

கடக்... கடக்...

கொளஞ்சி கண்ணாடியப் பாத்தான்.

உள்ள மஞ்சு கண்ணத் தொறக்கல.

சிரிச்சா.

மெதுவா ஓரமா நகந்து படுத்தா... பக்கத்துல இன்னொரு புள்ளை படுக்க எடம் வுட்டு.